வண்டி மேல மின்னல் ஸ்பெல் விழுந்தா உள்ள இருக்கறவங்களுக்கு என்ன ஆகும்? டிஎம்களுக்கு ஒரு கைடு

டேபிள்டாப் ஆர்பிஜி, அதாவது டைஸ் உருட்டி கதையா ஆடற ஆட்டம், அதை டிஎம்மா இருந்து நடத்தற யாருக்கும் இந்தக் கேள்வி ஒரு நாள் வந்தே தீரும். எங்க டேபிள்ல வந்தப்போ நான் தயாரா இல்ல. அஞ்சு பேர் பார்ட்டி, ரெண்டு குதிரை பூட்டின இரும்புத்தகடு அடிச்ச வண்டி, பாலைவனம், மேல ஒரு யங் ப்ளூ டிராகன், மின்னலை மூச்சா விடற வகை. டிராகன் வாயைத் திறந்துச்சு, நான் எல்லாரையும் டெக்ஸ் சேவ் (சுறுசுறுப்பால தப்பிக்க உருட்டற டைஸ்) போடச் சொன்னேன். உடனே ஒரு பிளேயர் கேட்டாங்க, "நாங்க நாலு பேரும் இரும்புப் பெட்டிக்குள்ள கதவை மூடிட்டு உக்காந்திருக்கோம், எங்களுக்கு எப்படி அடிபடும்?" நான் யோசிக்காம "மேஜிக் மின்னல், அதனால படும்"னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் முக்கால் மணி நேரம் வாக்குவாதம், அவங்க அந்த நைட் பூரா ஒரு வார்த்தை பேசல. அவங்க கேட்டது முழுக்க சரின்னு ரூல்புக்கை நிதானமா படிச்சப்போதான் எனக்குத் தெரிஞ்சுது. அதனாலதான் இதை எழுதறேன், உங்க டேபிள்ல இது நடக்க வேண்டாம்.

நான் ஓட்டறது பெரும்பாலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டிஎன்டி) அஞ்சாவது எடிஷன், 2014 புக். 2024 புக்ல சில ஸ்பெல்லோட வார்த்தைகளை மாத்தியிருக்காங்க, அதனால உங்க கையில இருக்கற புக்ல அந்த ஸ்பெல்லை ஒரு தடவை திறந்து பாத்துட்டு இதை யூஸ் பண்ணுங்க. மத்த சிஸ்டம் பத்தியும் நடுவுல வரும்.

முதல்ல பாக்க வேண்டியது ஸ்பெல் யாரை அடிக்குது

மின்னல்னு பேர் இருக்கற ஸ்பெல் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்யாது, இங்கதான் பாதி குழப்பம் ஆரம்பிக்குது. லைட்னிங் போல்ட் எடுத்துக்கோங்க. மூணாவது லெவல் ஸ்பெல், 100 அடி நீளம், 5 அடி அகலக் கோடு, 8டி6 டேமேஜ் (ஆறு பக்க டைஸ் எட்டு உருட்டிக் கூட்டறது). ஆனா அந்த டேமேஜ் "கோட்டுல இருக்கற ஒவ்வொரு உயிருக்கும்"னுதான் எழுதியிருக்கு. பொருளுக்கு என்ன? யாரும் போட்டுக்காத, கையில பிடிக்காத, தீப்பிடிக்கற பொருள் எல்லாம் பத்திக்கும், அவ்ளோதான் 2014 புக் சொல்லுது. அதாவது மரவண்டி மேல லைட்னிங் போல்ட் போனா வண்டிக்கு 8டி6 கிடையாது, வண்டி பத்திக்கும். இது சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும், ஆனா ஆட்டத்துல இது பெரிய விஷயம், ஏன்னா தீப்பிடிச்ச வண்டி இன்னும் ரெண்டு மூணு ரவுண்டு (எல்லாரும் ஒரு தடவை ஆடி முடிக்கற சுத்து) ஓடும், அந்த ரெண்டு மூணு ரவுண்டுதான் சீனே.

செயின் லைட்னிங் வேற மாதிரி. ஆறாவது லெவல், 10டி8, ஒரு டார்கெட்ல விழுந்து 30 அடிக்குள்ள இருக்கற இன்னும் மூணு டார்கெட்டுக்குத் தாவும், டார்கெட் உயிராவும் இருக்கலாம் பொருளாவும் இருக்கலாம்னு தெளிவாவே எழுதியிருக்காங்க. வண்டியை உடைக்கணும்னா மந்திரவாதிக்கு இதுதான் சரியான ஸ்பெல். முதல் அடி வண்டிக்கு, அடுத்தது ரெண்டு குதிரைக்கு, கடைசி ஒன்னு ஓட்டறவனுக்கு. ஒரே கேஸ்ட்ல ஒரு பயணமே முடிஞ்சுடும். எதிரி மந்திரவாதி கையில இதைக் குடுக்கறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க.

கால் லைட்னிங் மேகத்துலேர்ந்து ஒரு புள்ளிக்கு இறங்கும், அந்தப் புள்ளிக்கு 5 அடிக்குள்ள இருக்கற உயிர்களுக்கு 3டி10, வெளிய ஏற்கனவே புயல் அடிச்சிட்டிருந்தா இன்னொரு டி10 கூடும். இதுல கவனிக்க வேண்டியது ரெண்டு. கேஸ்ட் பண்றவன் கண்ணுக்குத் தெரியற புள்ளியைத்தான் எடுக்க முடியும், சாரட்டு வண்டிக்குக் கூரை இருந்தா அவனுக்குத் தெரியறது கூரை மட்டும்தான். இன்னொன்னு, மேகம் 60 அடி ரேடியஸ், அது வண்டி பின்னாடியே நகரும்னு எங்கயும் சொல்லல. இழுவைக் குதிரைக்கு ஸ்பீடு ஒரு ரவுண்டுக்கு 40 அடி, டேஷ் பண்ணா, அதாவது முழு வேகமா ஓடினா, 80. ஓட்டறவன் பயப்படாம அடிச்சு ஓட்டினா ஒன்னு ரெண்டு ரவுண்டுல மேகத்துக்கு வெளிய வந்துடலாம். பிளேயர்ஸ் இதைத் தானா கண்டுபிடிச்சா நான் ரொம்ப சந்தோஷப்படுவேன், கண்டுபிடிக்கலன்னா "மேகம் தலைக்கு மேல மட்டும்தான் இருக்கு, தூரத்துல வானம் வெளிச்சமா இருக்கு"ன்னு ஒரு வரி சொல்லுவேன்.

விட்ச் போல்ட், ஒரே ஆள் மேல விடாம பாயற மின்னல், ரொம்ப சுலபம். டார்கெட்டுக்கு டோட்டல் கவர் (முழு மறைப்பு) கிடைச்ச நிமிஷம் ஸ்பெல் முடிஞ்சுது. அடி வாங்கின ஆள் வண்டிக்குள்ள தாவி கதவைச் சாத்தினா போதும். ஷாக்கிங் கிராஸ்ப் பத்தி கடைசில சொல்றேன், அதுலதான் பிளேயர்ஸ் நிறைய குறும்பு பண்ணுவாங்க.

அடுத்தது நடுவுல என்ன இருக்கு

இந்த இடத்துலதான் அன்னிக்கு நான் தப்பு பண்ணேன். அஞ்சாவது எடிஷன்ல ஒரு ஏரியா எஃபெக்ட் ஒரு புள்ளிலேர்ந்து கிளம்புது, அங்கேர்ந்து உங்க கேரக்டர் இருக்கற இடத்துக்கு தடையில்லாத ஒரு நேர்கோடு போக முடியலன்னா அந்த இடம் அந்த எஃபெக்ட்லயே சேராது. பிசிக்ஸ் வேண்டாம், ரூலே சொல்லுது, நாலு பக்கமும் மூடின வண்டிக்குள்ள இருக்கறவனை லைட்னிங் போல்ட் தொடாது. டிராகனோட மூச்சும் கோடுதான், அதுக்கும் இதே ரூல். என் பிளேயர் கேட்டது இதைத்தான்.

மூடாத வண்டின்னா எவ்ளோ மறைக்குதுன்னு பாருங்க. இடுப்பு வரைக்கும் பலகை இருக்கற வண்டில குனிஞ்சு உக்காந்திருந்தா ஹாஃப் கவர், ஏசிக்கும் (அடி படாம தடுக்கற எண்) டெக்ஸ் சேவுக்கும் +2. சின்ன ஜன்னல், அம்பு விடற ஓட்டை வழியா மட்டும் தெரியறாங்கன்னா த்ரீ குவார்ட்டர்ஸ் கவர், +5. துணி போட்டு மூடின வண்டி எப்பவும் தகராறு பண்ணும். துணி கண்ணை மறைக்கும், ஆனா மின்னலைத் தடுக்குமா? ரூலை எழுத்துக்கு எழுத்து படிச்சா தடை தடைதான்னு வாதாடலாம். எனக்கு அது மனசுக்கு ஒப்பல. நான் இப்படிச் சொல்லுவேன்: துணிக்குப் பின்னாடி இருந்தா ஹாஃப் கவர் மட்டும், சேவ் ஜெயிச்சாலும் தோத்தாலும் துணி பத்திக்கும். இது என் ஹவுஸ் ரூல், செஷன் ஆரம்பத்துலயே சொல்லிடுவேன்.

பழைய எடிஷன் ஓட்டறவங்களுக்கு இந்த இடம் முழுக்க மாறும், ரொம்ப சுவாரஸ்யமாவும் மாறும். மூணரை எடிஷன்ல லைட்னிங் போல்ட் வழில இருக்கற பொருளையும் அடிக்கும், தடுப்பு உடைஞ்சா தாண்டி உள்ள போகும், உடையலன்னா அங்கயே நின்னுடும். பொருளுக்கு மின்சார டேமேஜ் பாதிதான், அந்தப் பாதிலேர்ந்து ஹார்ட்னஸை, அதாவது ஒவ்வொரு அடிலயும் பொருள் தாங்கற அளவை, கழிக்கணும். மரத்துக்கு ஹார்ட்னஸ் 5, ஒரு இன்ச் கனத்துக்கு 10 ஹிட் பாயிண்ட் (எவ்ளோ டேமேஜ் வாங்கினா உடையும்கற எண்). இப்ப கணக்குப் போடுங்க. எட்டாவது லெவல் மந்திரவாதி 8டி6, சராசரி 28, பாதி 14, அஞ்சு போனா 9. ஒரு இன்ச் பலகை ஒரே ஒரு ஹிட் பாயிண்ட்ல தப்பிக்குது! அதே மந்திரவாதி பத்தாவது லெவல் வந்தா 10டி6, சராசரி 35, பாதி 17, கழிச்சா 12, பலகை உடைஞ்சு மின்னல் உள்ள வந்துடுது. ரெண்டு லெவல் வித்தியாசத்துல அதே வண்டி பாதுகாப்பான இடத்துலேர்ந்து சவப்பெட்டியா மாறிடுது. இரும்புக்கு ஹார்ட்னஸ் 10, இன்ச்சுக்கு 30 ஹிட் பாயிண்ட், அங்க கிட்ட நெருங்கவே முடியாது. இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும், அஞ்சாவது எடிஷன் ஓட்டினாலும் மரவண்டின்னு வந்தா "இந்த அடியில பலகை தாங்குமா"ன்னு இதை வச்சுதான் மனசுல ஒரு அளவு பாத்துக்குவேன்.

நிஜ மின்னல் என்ன பண்ணும்

பிளேயர்ஸ் பிசிக்ஸ் பேசுவாங்க. பேசட்டும், அவங்க வாயை அடைக்காதீங்க, ஆனா நீங்க சரியான பிசிக்ஸ் தெரிஞ்சு வச்சுக்கோங்க. மைக்கேல் ஃபாரடே 1836ல ஒரு ரூம் அளவு பெட்டிக்கு உலோகத்தகடு சுத்தி, வெளிய ஹை வோல்டேஜ் பாய்ச்சி, உள்ள ஒன்னும் இல்லன்னு காட்டினார். கார்ல நம்மைக் காப்பாத்தறது அதுதான், உலோகக்கூடு வழியா கரண்ட் வெளிப்பக்கமாவே ஓடி தரைக்குப் போயிடுது. டயர் ரப்பர் காப்பாத்துதுன்னு நிறைய பேர் நம்பறாங்க, அது தப்பு. மேகத்துலேர்ந்து கிலோமீட்டர் கணக்குல காத்தைக் கிழிச்சுட்டு வந்த மின்னலுக்கு நாலு விரல் ரப்பர் ஒரு தடையே இல்ல. பல சமயம் டயர்தான் வெடிக்கும். கூரை திறந்த காருக்கும், ஃபைபர் பாடிக்கும், பைக்குக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. உள்ள இருந்தாலும் உலோகத்தைத் தொட்டுட்டு இருந்தா ஆபத்து உண்டு.

இதை ஆட்டத்துக்குக் கொண்டு வரும்போது ஒரு விஷயம். நிஜ மின்னல் தரையைத் தேடி வரும். லைட்னிங் போல்ட் தரையைத் தேடாது, மந்திரவாதி விரல் காட்டற திசைல 100 அடி படுக்கைவாக்குல போய் நின்னுடும். அதனால "நான் ஈட்டியை மண்ணுல குத்தி வச்சிருக்கேன், மின்னல் அதுல இறங்கிடும்"னு பிளேயர் சொன்னா அப்படியே ஒத்துக்க முடியாது. நான் வச்சிருக்கற ரூல் இது: மேஜிக் மின்னல் எதையாவது தொடற வரைக்கும் மந்திரம், ஸ்பெல் சொல்றபடிதான் போகும். உலோகத்தைத் தொட்டதுக்கு அப்புறம் அது சாதாரண மின்னல் மாதிரி நடந்துக்கும். இந்த ஒரு வரி என்னோட பாதி சண்டையைத் தீர்த்து வச்சுது.

அதை வச்சு இரும்பு வண்டிக்கு நான் இப்படிப் பண்றேன். வெளிய விழுந்த மின்னல் உள்ள இருக்கறவங்களைத் தொடாது. ஆனா யாராவது அந்த நேரத்துல வெறும் இரும்புச் சுவரையோ கைப்பிடியையோ தொட்டுட்டு இருந்தா கான் சேவ் (உடம்பு தாங்குதான்னு உருட்டற சேவ்), தோத்தா உருட்டின டேமேஜ்ல கால்வாசி, ஜெயிச்சா ஒன்னுமில்ல. பிளேட் ஆர்மர் போட்டுட்டு இரும்பு பெஞ்சுல உக்காந்திருக்கற ஃபைட்டரும் தொட்டுட்டுதான் இருக்கார். உள்பக்கம் தோலோ பலகையோ அடிச்சிருந்தா இந்த சேவே வேண்டாம். எங்க பார்ட்டி அடுத்த ஊர்ல முதல் வேலையா ஒரு தச்சனைப் பிடிச்சு வண்டிக்கு உள்பலகை அடிச்சாங்க, அதுக்கு 50 கோல்டு வாங்கினேன், அவங்க சந்தோஷமா குடுத்தாங்க. ஒரு ரூல் பிளேயர்களை இப்படி யோசிக்க வச்சா அது நல்ல ரூல்.

எல்லா சிஸ்டமும் இப்படி நினைக்கறதில்ல. குர்ப்ஸ்ங்கற இன்னொரு ஆர்பிஜியோட மேஜிக் புக்ல லைட்னிங் ஸ்பெல்லுக்கு எதிரா உலோக ஆர்மர் எவ்ளோ கனமா இருந்தாலும் வெறும் டிஆர் 1, அதாவது ஒரு பாயிண்ட் தடுப்புன்னுதான் கணக்கு. 2014 டிஎன்டிலயும் ஷாக்கிங் கிராஸ்புக்கு உலோக ஆர்மர் போட்டவன் மேல அட்வான்டேஜ் (ரெண்டு டைஸ் உருட்டிப் பெருசை எடுக்கறது) உண்டு. உடம்போட ஒட்டின கவசத்துக்கு அந்த எண்ணம் சரின்னு எனக்குப் படுது, ஆனா அதையே எடுத்து "அப்போ இரும்பு வண்டியும் மோசம்"னு நீட்டாதீங்க. கவசம் தோல் மேல இருக்கு, வண்டிச் சுவர் கை எட்டாத தூரத்துல இருக்கு.

எல்லாரும் மறக்கறது குதிரையை

வண்டின்னு சொல்லும்போது நாம பெட்டியைத்தான் யோசிக்கறோம். ஆனா இழுக்கற மிருகத்துக்கு எந்த கவரும் இல்ல, அது வெட்டவெளில நிக்குது. இழுவைக் குதிரைக்கு 19 ஹிட் பாயிண்ட், சவாரிக் குதிரைக்கு 13. அஞ்சாவது லெவல் மந்திரவாதியோட சேவ் டிசி (இருபது பக்க டைஸ்ல தொட வேண்டிய எண்) சாதாரணமா 15, குதிரைக்கு டெக்ஸ் போனஸ் பூஜ்யம், அதனால நூத்துக்கு எழுபது தடவை தோக்கும். தோத்தா சராசரி 28, ரெண்டு குதிரையும் காலி. ஜெயிச்சாலும் 14, சவாரிக் குதிரை அப்பவும் செத்துடும், இழுவைக் குதிரை அஞ்சு ஹிட் பாயிண்டோட நிக்கும். வண்டியை நிறுத்த வண்டியை அடிக்கவே வேண்டாம். புத்தியுள்ள எதிரி குதிரையைத்தான் அடிப்பான், நீங்க அவனை அப்படி விளையாட விடலன்னா பிளேயர்ஸ் குதிரையைப் பத்திக் கவலையே பட மாட்டாங்க.

நிஜத்துலயும் நாலு கால் மிருகத்துக்கு மின்னல் ரொம்பக் கொடுமையானது. பக்கத்துல தரைல விழுந்தாலே கரண்ட் மண்ணு வழியா பரவும், முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவுல இடைவெளி அதிகம், கரண்ட் ஒரு கால்ல ஏறி நெஞ்சு வழியா இன்னொரு கால்ல இறங்கும். 2016 ஆகஸ்ட்ல நார்வேல ஹார்டாங்கர்விடாங்கற இடத்துல ஒரே புயல்ல 323 கலைமான் செத்துக் கிடந்துச்சு. நான் அந்த போட்டோவைப் பாத்ததுக்கு அப்புறம்தான் கால் லைட்னிங் வண்டிக்கு முன்னாடி தரைல விழுந்தா குதிரைங்க மிரளுமான்னு செக் வைக்க ஆரம்பிச்சேன்.

கோடு எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுங்கறதும் முக்கியம், கிரிட் வச்சு ஆடறவங்க இதைக் கண்டிப்பா வரைஞ்சு பாருங்க. குதிரை லார்ஜ் சைஸ், 10க்கு 10 அடி. ரெண்டு குதிரை பக்கத்துல பக்கத்துல நின்னா 20 அடி அகலம். எதிரி நேர் முன்னாடி நின்னு 5 அடிக் கோடு விட்டா ஒரு குதிரைதான் மாட்டும், ஆனா கோடு நீண்டு போய் ஓட்டறவனையும் பிடிக்கலாம். எதிரி பக்கவாட்டுல நின்னா ரெண்டு குதிரையும் மாட்டும், வண்டியும் ஆளும் தப்பிச்சுடுவாங்க. அதனால பதுங்கித் தாக்கற சீன் எழுதும்போது மந்திரவாதியை எங்க நிறுத்தறீங்கன்னு முடிவு பண்ணாலே சீன் எப்படிப் போகும்னு பாதி முடிவாயிடும்.

ஓட்டறவன் அடிவாங்கினா

ஓட்டற ஆள் பெரும்பாலும் வெளிய முன்சீட்டுல இருப்பார். அவருக்கு அடிபட்டா டேமேஜைக் குறிச்சிட்டு அடுத்த ஆளுக்குப் போயிடாதீங்க. அடிபட்டாலும் ஸ்பெல் கலையாம இருக்க உருட்டற கான்சன்ட்ரேஷன் சேவ் மாதிரியே நான் ஒரு செக் வைக்கறேன், டிசி 10 அல்லது வாங்கின டேமேஜ்ல பாதி, எது பெருசோ அது, மிருகத்தை அடக்கற அனிமல் ஹேண்ட்லிங் இல்லன்னா வண்டி ஓட்டற லேண்ட் வெஹிக்கிள் ப்ரொஃபிஷியன்சி வச்சு உருட்டணும். தோத்தா கடிவாளம் கைய விட்டுப் போச்சு, வண்டி அந்த ரவுண்டுல இருக்கற திசைலயே ஓடும். மயங்கி விழுந்துட்டா வேற யாராவது அடுத்த டர்ன் வர்றதுக்குள்ள முன்சீட்டுக்கு ஏறணும், ஓடற வண்டில வெளிய ஏறிப் போறதுக்கு டிசி 12 அத்லெடிக்ஸ். ஒரு குதிரை மட்டும் செத்துட்டா செத்த குதிரை நுகத்தடில தொங்கி வண்டியை ஒரு பக்கம் இழுக்கும், ஓட்டறவர் டிசி 15 செக் தோத்தா குடை சாய்ஞ்சுடும். உள்ள இருக்கறவங்களுக்கு மின்னல்ல கிடைக்காத டேமேஜ் இங்க கிடைக்கும், 2டி6 அடி. நியாயமான டேமேஜ் இதுதான்னு நான் உண்மையாவே நம்பறேன், ஏன்னா இதை அவங்க ரோல் பண்ணித் தடுத்திருக்கலாம்.

கப்பல்

மரக்கப்பல் வண்டி மாதிரி இல்ல. டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட்ல செய்லிங் ஷிப்புக்கு ஏசி 15, 300 ஹிட் பாயிண்ட், டேமேஜ் த்ரெஷோல்டு 15. த்ரெஷோல்டுன்னா ஒரே அடில 15க்குக் குறைஞ்ச டேமேஜ் எல்லாம் வெறும் கீறல், 15 தொட்டா முழு டேமேஜும் சேரும். கேலிங்கற துடுப்புக் கப்பலுக்கும் வார்ஷிப்புக்கும் 500 ஹிட் பாயிண்ட், த்ரெஷோல்டு 20. டிஎம் கால் லைட்னிங்கைக் கப்பலுக்கும் டேமேஜா ஒத்துக்கிட்டா 3டி10 சராசரி பதினாறரை, செய்லிங் ஷிப் மேல மூணுல ஒரு தடவைக்குக் கிட்ட வீணாப் போகும், புயல்ல 4டி10 ஆனா 22, பெரும்பாலும் உள்ள இறங்கும். ஆனாலும் 300 ஹிட் பாயிண்ட்டை மின்னல் வச்சு மட்டும் கரைக்கறது போரான சண்டை, நான் ஹல்லை (கப்பலோட அடி உடம்பை) விட்டுட்டு பாய்மரத்தைப் பாப்பேன்.

நிஜக் கப்பல்ல மின்னல் பாய்மரத்தண்டுலதான் விழும். மரத்துக்குள்ள இருக்கற ஈரம் ஒரு நொடில ஆவியாகி தண்டு உள்ளேர்ந்து வெடிச்சு சிதறும், கீழ நிக்கறவங்களைக் கொல்றது பல சமயம் அந்த மரச்சிம்புதான். வில்லியம் ஸ்னோ ஹாரிஸ்னு ஒருத்தர் பாய்மரத்தோட சேத்து செப்புப்பட்டை பதிச்சு கடல் வரைக்கும் இறக்கற இடிதாங்கியைக் கொண்டு வந்தார், 1831ல கிளம்பின எச்எம்எஸ் பீகிள்ல அது இருந்துச்சு, டார்வின் போன அதே கப்பல்தான். ஆட்டத்துல இதை அப்படியே வச்சுக்கலாம். மின்னல் பாய்மரத்துல பட்டா, கீழ 10 அடிக்குள்ள இருக்கறவங்க டெக்ஸ் சேவ் டிசி 13, தோத்தா சிம்பு குத்தி 2டி6 பியர்சிங். பாய்மரம் போனா ஸ்பீடு பாதி. பிளேயர்ஸ் துறைமுகத்துல செப்புப்பட்டை அடிக்கக் காசு குடுத்தா இயற்கை மின்னலும் கால் லைட்னிங்கும் பாய்மரத்தை உடைக்காது. எதிரி எதிர்க் கப்பல்லேர்ந்து விரல் நீட்டி விடற லைட்னிங் போல்ட்டுக்கு அது உதவாது, ஏன்னா மேல சொன்ன ரூல்தான், அது தொடற வரைக்கும் மந்திரம்.

தண்ணில மின்னல் விழுந்தா சுத்தி எல்லாருக்கும் ஷாக் அடிக்குமான்னு கேப்பாங்க. புக்ல அப்படி ஒன்னும் இல்ல. தண்ணிக்குள்ள மூழ்கி இருக்கறவங்களுக்கு ஃபயர் டேமேஜ்ல ரெசிஸ்டன்ஸ் (பாதி டேமேஜ்) உண்டு, லைட்னிங்குக்கு ஸ்பெஷலா எதுவும் சொல்லல. நான் சேக்கவும் மாட்டேன், சேத்தா ஒவ்வொரு கடல் சண்டையும் அந்த ஒரு ட்ரிக்ல முடிஞ்சுடும்.

பறக்கறது, கரண்ட்ல ஓடறது

பறக்கும் கப்பலுக்கு ரெஃபரென்ஸ் வேணும்னா நிலாவுக்குப் போன அப்போலோ 12 பத்திப் படிங்க. 1969 நவம்பர் 14, ராக்கெட் கிளம்பி முப்பத்தாறு செகண்ட்ல ஒரு மின்னல், ஐம்பத்திரண்டாவது செகண்ட்ல இன்னொன்னு. உள்ள இருந்த மூணு பேருக்கும் ஒன்னும் ஆகல, ஆனா கரண்ட் குடுக்கற ஃபியூயல் செல் எல்லாம் கட் ஆகி, அலாரம் லைட் எல்லாம் எரிஞ்சு, கீழ வர்ற டேட்டா குப்பையாச்சு. ஜான் ஆரன்னு ஒரு கண்ட்ரோலருக்கு மட்டும் இந்த மாதிரி குப்பை டேட்டாவை முன்னாடி ஒரு டெஸ்ட்ல பாத்த ஞாபகம், ஒரே ஒரு ஸ்விட்சை மாத்தச் சொன்னார், டேட்டா திரும்ப வந்துச்சு. ஆளுங்க பத்திரம், வண்டி உயிரோட இருக்கு, ஆனா எதுவும் வேலை செய்யல, சரியான ஆள் சரியான ஸ்விட்சைத் தட்டணும். இதைவிட நல்ல என்கவுன்ட்டரை நான் யோசிச்சு எழுதினாலும் வராது. ஏர்ஷிப்ல மின்னல் பட்டா நான் இதைத்தான் ஓட்டுவேன்: டேமேஜ் கப்பலுக்கு, பிரச்சனை ஆளுங்களுக்கு, ஆர்க்கானா (மந்திர அறிவு) செக் போட்டு எது அணைஞ்சுதுன்னு கண்டுபிடிக்கணும், ஒரு ரவுண்டுக்கு 100 அடி கீழ இறங்கிட்டே இருக்கும்.

டிஎன்டியோட எபரான் உலகம் ஆடறவங்களுக்கு இன்னொரு நுணுக்கம். அங்க லைட்னிங் ரெயில் ஓடறதே கண்டக்டர் கல்லுக்கு நடுவுல மின்னல் பாய்ஞ்சுதான், இழுக்கறது உள்ள கட்டி வச்சிருக்கற எலிமென்டல்ங்கற பூதம். அந்த ரயில் பெட்டி மேல லைட்னிங் போல்ட் விட்டா நான் டேமேஜ் குடுக்க மாட்டேன், அந்த ரயில் தினமும் மின்னல் மேலதான் போகுது. கல்லைப் பேர்த்து எடுத்தா அது வேற கதை.

ஷேடோரன்ங்கற ஆர்பிஜில மந்திரமும் கம்ப்யூட்டரும் ஒரே உலகம். அங்க ஓட்டற ரிக்கர் மூளையை வண்டியோட இணைச்சு உள்ள குதிச்சிருப்பார், வண்டி செத்தா டம்ப்ஷாக் (இணைப்பு திடீர்னு அறுந்து அடிக்கற அதிர்ச்சி) அவருக்கு. அதனால உலோகக்கூடு உடம்பைக் காப்பாத்தினாலும் ரிக்கரைக் காப்பாத்தாது, இதை அந்த பிளேயருக்கு முன்கூட்டியே ஞாபகப்படுத்திடுங்க. அங்க நிறைய ஸ்பெல்லுக்கு லைன் ஆஃப் சைட் வேணும், அதாவது டார்கெட் கண்ணுக்குத் தெரியணும், ஜன்னல் கண்ணாடி வழியா தெரிஞ்சாலும் குறி வைக்கலாம், அதனால கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கற ஜன்னல் போட்ட வண்டிக்கு காசு குடுக்கறது வீண் செலவில்ல. எலெக்ட்ரானிக்ஸ் இருக்கற எந்த மாடர்ன் கேமுக்கும் நான் ஒரு டி6 உருட்டுவேன். 1, 2 வந்தா லைட்டும் ரேடியோவும் போச்சு, 3, 4 வந்தா டயர் ஒன்னு வெடிச்சு ஸ்டியரிங் இழுக்குது, 5 வந்தா இன்ஜின் ஆஃப், திரும்ப ஸ்டார்ட் பண்ண ஒரு ரவுண்டு, 6 வந்தா கதவு லாக் ஆகி எலெக்ட்ரிக் ஜன்னல் இறங்காது. ஆறு வந்தப்போதான் எங்க டேபிள்ல எல்லாரும் எழுந்து நின்னாங்க.

ஷாக்கிங் கிராஸ்ப்

பிளேயர் ஒருத்தர் ஓடிப் போய் எதிரியோட இரும்பு வண்டியைத் தொட்டு "உள்ள இருக்கற எல்லாருக்கும் ஷாக்"னு சொல்லுவார். வேண்டாம்னு சொல்லிடுங்க. அது ஒரு உயிரைத் தொடற கேன்ட்ரிப் (எத்தனை தடவை வேணும்னாலும் விடற சின்ன ஸ்பெல்), 1டி8. அஞ்சு பேரை ஒரே நேரத்துல அடிக்கறது மூணாவது லெவல் ஸ்லாட் (கணக்கா கிடைக்கற ஸ்பெல் வாய்ப்பு) செலவு பண்றவரோட வேலை, அதை ஓசில குடுத்தா அந்த மந்திரவாதி பிளேயருக்கு நீங்க துரோகம் பண்றீங்க. ஆனா யோசிச்சதுக்கு ஏதாவது குடுங்க: உள்ள கைப்பிடியைப் பிடிச்சிட்டு இருக்கற ஒருத்தன் கையை உதறிட்டான், கதவு தாழ்ப்பாளை விட்டுட்டான். அவருக்கு அதுவே போதும்.

இதையெல்லாம் எழுதி வச்சு நாலு மாசம் கழிச்சு அதே பாலைவனத்துக்கு பார்ட்டியைத் திரும்பக் கூட்டிட்டுப் போனேன். அதே டிராகன், 60 அடிக் கோடு, 10டி10. பெட்டிக்குள்ள இருந்த நாலு பேருக்கும் ஒன்னும் இல்ல, உள்பலகை அடிச்சிருந்தாங்க. ஓட்டின க்ளெரிக் (பூசாரி கேரக்டர்) சேவ் ஜெயிச்சு 27 வாங்கி கடிவாளத்தை விடல. இடது குதிரை செத்துச்சு, வண்டி இழுத்துது, டிசி 15 செக்ல 16 வந்துது. டிராகனுக்கு மூச்சு திரும்ப வர டி6ல 5 இல்ல 6 விழணும், நான் ஒவ்வொரு ரவுண்டும் அதை டேபிள் நடுவுல எல்லாருக்கும் தெரியற மாதிரி உருட்டினேன். முதல் ரவுண்டு 2. அன்னிக்குப் பேசாம இருந்த அதே பிளேயர், கதவைத் திறந்துட்டு வெளிய குதிச்சாங்க, செத்த குதிரையோட வாரை வெட்ட. இரண்டாவது ரவுண்டு 4. வார் பாதி வெட்டியாச்சு. மூணாவது டைஸை நான் கையில எடுத்தப்போ அவங்க "இருங்க, நான் வண்டியைத் தொட்டுட்டு நிக்கல, தள்ளி நிக்கறேன், அதைக் குறிச்சுக்கோங்க"ன்னாங்க. குறிச்சுக்கிட்டேன், உருட்டினேன், 5.